கம்பியா, காற்றா? ரெண்டையும் தொட்டுப் பார்த்த கிரஹாம் பெல்லின் கதை

வீட்டுக்குள்ள உட்கார்ந்து போன் பேசிக்கிட்டு இருக்கீங்க. டவர் சிக்னல் சரியா இல்லை, அதனால கால் வைஃபை வழியா போகுது. பேசிக்கிட்டே கேட்டைத் திறந்து தெருவுக்கு வர்றீங்க. வைஃபை எட்டாத இடம் வந்ததும் அதே கால் மொபைல் டவருக்கு மாறிவிடுகிறது. கால் கட் ஆகவில்லை. எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

தொலைத்தொடர்புத் துறையில் இதற்கு ஃபிக்ஸட்-மொபைல் கன்வர்ஜென்ஸ் என்று பெயர். வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட் ஒரு நெட்வொர்க், கையில் இருக்கும் மொபைல் இன்னொரு நெட்வொர்க் என்று தனித்தனியாக இருந்த இரண்டையும் உள்ளுக்குள் ஒன்றாகச் சேர்ப்பது. உலகம் முழுக்க நிறுவனங்கள் இன்று இந்த வேலையில்தான் பணத்தைக் கொட்டுகின்றன.

இந்தக் கதையை 5ஜியிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். ஆனால் இதன் இரண்டு முனைகளையும் நான்கே வருட இடைவெளியில் தொட்டுப் பார்த்த ஒரு மனிதர் 1847-ல் பிறந்திருக்கிறார். ஸ்கூல் புத்தகத்தில் தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிடும் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்தான் அவர். அந்த ஒரு வரிக்கு வெளியே இருக்கும் பெல்லைத் தெரிந்துகொண்டால், இப்போது நடக்கும் இந்த இணைப்பு ஏன் நல்லது, எங்கே ஆபத்து என்பது இரண்டுமே புரியும்.

காது கேளாத அம்மா, குரல் சொல்லித்தரும் அப்பா

1847 மார்ச் 3-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார் பெல். தாத்தாவும் அப்பாவும் பேச்சுக் கலை சொல்லிக்கொடுத்தவர்கள். வாயும் நாக்கும் எந்த நிலையில் இருந்தால் எந்த ஒலி வரும் என்பதைக் குறியீடுகளாக எழுதும் முறை ஒன்றை அப்பா மெல்வில் பெல் உருவாக்கினார். அந்தக் குறியீட்டைப் பார்த்தால், தெரியாத மொழியின் ஒலியைக்கூட உச்சரித்துவிடலாம்.

அம்மா எலைசாவுக்குக் காது படிப்படியாகக் கேட்காமல் போனது. மற்றவர்கள் அவரிடம் பேச ஒரு குழாயைக் காதில் வைத்துக் கத்துவார்கள். பையன் பெல் வேறு வழி கண்டுபிடித்தான். அம்மாவின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினான். அதிர்வு எலும்பு வழியாகப் போய்ச் சேரும். வீட்டில் நாலு பேர் கூடிப் பேசும்போது, பேச்சை விரல் எழுத்துகளால் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

ஒரு செய்தி ஒருவரைப் போய்ச் சேர ஒரே ஒரு வழிதான் என்பதில்லை. இதைப் பெல் லேபில் கற்றுக்கொள்ளவில்லை, வீட்டு ஹாலில் கற்றுக்கொண்டார். பின்னாளில் இதே பாடத்தை அவர் ஒரு இடத்தில் மறந்துவிட்டார். அதற்குப் பிறகு வருவோம்.

குடும்பத்தைக் காசநோய் சிதைத்தது. தம்பி எட்வர்டு 1867-ல் இறந்தார், அண்ணன் மெல்வில் 1870-ல் இறந்தார். மிச்சமிருந்த ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் அதே வருடம் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் பிராண்ட்ஃபோர்டு என்ற ஊரில் குடியேறினார்கள். அங்கே உடல் தேறிய பெல், 1871-ல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனார். காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை.

ஒரே கம்பியில் பல செய்தி

அப்போதைய இன்டர்நெட் என்றால் தந்திதான். அதில் ஒரு பெரிய தலைவலி இருந்தது. ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் மிகச் சில செய்திகளைத்தான் அனுப்ப முடியும். வியாபாரம் பெருகப் பெருகப் புதுக் கம்பி இழுக்க வேண்டும், புதுக் கம்பம் நட வேண்டும். இருக்கும் கம்பியிலேயே கூடுதல் செய்திகளை அனுப்ப யார் வழி சொன்னாலும் அவர் பணக்காரர்.

பெல்லுக்கு மின்சாரம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒலி தெரியும். பியானோவுக்கு முன்னால் நின்று ஒரு சுருதியில் பாடினால், அந்தச் சுருதிக்கு உரிய தந்தி மட்டும் தானாக அதிரும், மற்றவை சும்மா இருக்கும். இதையே மின்சாரத்தில் செய்தால் என்ன? ஒவ்வொரு செய்தியையும் ஒவ்வொரு சுருதியில் அனுப்பலாம். எல்லாம் ஒரே கம்பியில் கலந்து போகட்டும். மறுமுனையில் அந்தந்தச் சுருதிக்கு டியூன் செய்த தகடு, தனக்கு உரியதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும். இதற்கு ஹார்மோனிக் டெலிகிராஃப் என்று பெயர்.

இது பழங்கதை இல்லை. வீட்டில் பழைய லேண்ட்லைன் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களுக்கு ஸ்ப்ளிட்டர் என்ற குட்டிப் பெட்டி ஞாபகம் இருக்கும். ஒரே செம்புக் கம்பியில் கீழ் அலைவரிசையில் பேச்சு, மேல் அலைவரிசையில் இன்டர்நெட். ஸ்ப்ளிட்டர் இரண்டையும் பிரித்துப் போனுக்கும் மோடத்துக்கும் கொடுக்கும். இன்றைய ஃபைபரில் ஒரே கண்ணாடி இழையில் வெவ்வேறு அலைநீள ஒளியில் வெவ்வேறு தகவல் போகிறது. 4ஜி, 5ஜி சிக்னலும் நூற்றுக்கணக்கான நுண் அலைவரிசைகளாகப் பிரிந்துதான் வருகிறது. ஒரு பாதை, பல சுருதி. அடிப்படை மாறவே இல்லை.

பெல்லுக்குப் பணம் கொடுத்தவர்கள் இருவர். இருவரும் அவரிடம் படித்த பிள்ளைகளின் தந்தையர். ஒருவர் தாமஸ் சாண்டர்ஸ். இன்னொருவர் வழக்கறிஞர் கார்டினர் ஹப்பார்டு. ஹப்பார்டுக்குத் தந்தித் துறையில் வெஸ்டர்ன் யூனியன் என்ற நிறுவனத்தின் ஏகபோகம் பிடிக்காது. அதை உடைக்க ஒரு கருவி வேண்டும். ஹப்பார்டின் மகள் மேபல், ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். பெல்லின் மாணவியாக வந்தவரை அவர் காதலித்தார்.

தகடு ஒட்டிக்கொண்ட நாள்

1874-ல் பெல் ஒரு விசித்திரமான கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இறந்த ஒருவரின் காதை மருத்துவர் ஒருவரிடமிருந்து வாங்கி, செவிப்பறை அதிர்வதை ஒரு கண்ணாடியில் கோடாகப் பதிய வைத்தார். அவ்வளவு மெல்லிய ஒரு சவ்வு, அதைவிடப் பல மடங்கு கனமான எலும்புகளை அசைக்கிறது. அப்படியென்றால் ஒரு சவ்வு இரும்புத் துண்டை அசைக்காதா? அந்த அசைவு மின்சாரத்தை ஏற்றி இறக்காதா?

1875 ஜூன் 2-ம் தேதி உதவியாளர் தாமஸ் வாட்சன் பக்கத்து அறையில் ஒட்டிக்கொண்ட ஒரு தகட்டைச் சுண்டி விட்டார். அந்தச் சத்தத்தின் முழுத் தன்மையும் கம்பி வழியாகப் பெல்லின் காதுக்கு வந்தது. வெறும் டிக் டிக் இல்லை, ஒலியே வந்தது. தந்திக்காகச் செய்த கருவி பேச்சையும் சுமக்கும் என்பது அந்த நொடியில் புரிந்தது.

1876 பிப்ரவரி 14-ம் தேதி பெல்லின் வழக்கறிஞர் காப்புரிமை விண்ணப்பத்தைக் கொடுத்தார். அதே நாளில், இதே மாதிரியான கருவிக்காக எலைஷா கிரே என்பவரின் முன்னறிவிப்பும் அதே அலுவலகத்துக்கு வந்தது. மார்ச் 7-ல் 174,465 என்ற எண்ணுள்ள காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மார்ச் 10-ல் பாஸ்டன் வாடகை வீட்டில், அடுத்த அறையில் இருந்த வாட்சனைக் கருவி வழியாகக் கூப்பிட்டார் பெல். வாட்சன் வந்து நின்றார்.

யார் முதலில் என்ற சண்டை அதோடு ஓயவில்லை. ஏறத்தாழ 600 வழக்குகள் நடந்தன. 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில்தான் பெல் பக்கம் நின்றது. இத்தாலியரான அன்டோனியோ மியூச்சியின் பங்களிப்பை 2002-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டுப் பாராட்டியது. பெல் ஒருவரே தனியாகக் கண்டுபிடித்தார் என்று இன்று யாரும் சத்தியம் பண்ண மாட்டார்கள்.

நமக்கு இங்கே வேறொரு விஷயம் முக்கியம். 1876 ஆகஸ்டில் பிராண்ட்ஃபோர்டிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாரிஸ் என்ற சிற்றூர் வரை ஒரு சோதனை நடந்தது. அதற்காகப் பெல் புதுக் கம்பி இழுக்கவில்லை. தந்தி நிறுவனத்தின் கம்பியை வாடகைக்கு எடுத்து, அதிலேயே குரலை ஓட்டினார். அதாவது பழைய நெட்வொர்க்கின் முதுகில் ஏறித்தான் புது சேவை வெளியூர் போனது. பின்னால் போன் கம்பியின் முதுகில் ஏறி இன்டர்நெட் வந்தது. இப்போது ஃபைபரின் முதுகில் ஏறி மொபைல் வருகிறது.

1877 ஜூலையில் பெல் டெலிபோன் கம்பெனி ஆரம்பமானது. அதே மாதம் பெல்லுக்கும் மேபலுக்கும் கல்யாணம். தன் பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு எழுதிக் கொடுத்தார் பெல். தொலைபேசியால் வந்த சொத்தெல்லாம் மேபலுக்கு. ஆனால் தொலைபேசியில் ஒரு குரலைக்கூட மேபல் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது.

வெளிச்சத்தில் ஒரு போன் கால்

1880-ல் பிரெஞ்சு அரசு பெல்லுக்கு வோல்டா பரிசு கொடுத்தது. தொகை 50,000 பிராங்க். அந்தப் பணத்தை வைத்து வாஷிங்டனில் ஒரு ஆய்வகம் தொடங்கினார். இப்போது அவர் மனதில் இருந்த கேள்வி வேறு. கம்பியே இல்லாமல் குரலை அனுப்ப முடியுமா?

ரேடியோ அலைகளை ஹெர்ட்ஸ் நிரூபித்துக் காட்ட இன்னும் பல வருடங்கள் இருந்தன. பெல் எடுத்துக்கொண்டது சூரிய வெளிச்சத்தை. மெல்லிய கண்ணாடி ஒன்றின் மேல் வெயிலை விழ வைத்து, அதன் பின்பக்கம் பேசினால், குரலுக்கு ஏற்றபடி கண்ணாடி நெளியும். அதிலிருந்து திரும்பிப் போகும் வெளிச்சம் கூடிக் குறையும். மறுமுனையில் செலினியம் என்ற பொருள். வெளிச்சம் கூடினால் அதில் மின்சாரம் எளிதாக ஓடும், குறைந்தால் தடுமாறும். அதோடு ஒரு பேட்டரியையும் தொலைபேசிக் குழலையும் சேர்த்துவிட்டால், வெளிச்சம் மறுபடி குரலாகிவிடும். இதுதான் ஃபோட்டோஃபோன்.

உதவியாளர் சார்லஸ் சம்னர் டெய்ன்டர் வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூட மாடிக்கு ஏறினார். பெல் 213 மீட்டர் தள்ளி ஆய்வகத்தில் இருந்தார். கேட்டால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டும்படி டெய்ன்டர் வெளிச்சத்தின் வழியே சொன்னார். பெல் ஜன்னலில் தோன்றித் தொப்பியை ஆட்டினார். வயர்லெஸ்ஸாகப் போன உலகின் முதல் பேச்சுகளில் அதுவும் ஒன்று.

பெல்லுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த பிப்ரவரியில் பிறந்த இரண்டாவது மகளுக்கு ஃபோட்டோஃபோன் என்றே பெயர் வைக்க ஆசைப்பட்டார். நல்லவேளை, மேபல் தடுத்துவிட்டார். குழந்தைக்கு மரியன் என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் கடைசிக் காலம் வரை, தொலைபேசியைவிட ஃபோட்டோஃபோன்தான் தன் பெரிய கண்டுபிடிப்பு என்று பெல் சொல்லிக்கொண்டிருந்தார்.

உலகம் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் ரொம்ப எளிது. மேகம் வந்தால் கால் கட். மழை பெய்தால் கட். நடுவில் யாராவது நின்றாலும் கட். திறந்த வெளியில் ஒளியை நம்ப முடியாது. அதை ஒரு குழாய்க்குள் அடைத்துக் கொண்டுபோக வழி வேண்டும். அந்தக் குழாய் தலைமுடி அளவு கண்ணாடி இழையாக வரும் என்று 1966-ல் சார்லஸ் காவ் கணித்துச் சொன்னார். 1970-ல் கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் அப்படி ஒரு இழையைச் செய்து காட்டினார்கள். பெல்லின் கண்ணாடிக்கும் அந்த இழைக்கும் நடுவே 90 வருடம்.

கடைச் சுவரில் ரெண்டு போன்

இதற்கிடையே பெல் பெயரில் இருந்த கம்பெனி மலை மாதிரி வளர்ந்தது. இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்தது தொலைபேசி. 1882 ஜனவரி 28-ல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பாஸ்டனில் வாட்சன் அடுத்த அறைக்கு ஓடிவந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை.

1890-களின் நடுவில் அமெரிக்காவில் பெல் காப்புரிமைகள் காலாவதியாயின. ஆயிரக்கணக்கில் புதுப்புது தொலைபேசி நிறுவனங்கள் முளைத்தன. கட்டணம் குறைந்தது, கிராமங்களுக்கும் போன் போனது. ஆனால் ஒரு கூத்து நடந்தது. ஒரே ஊரில் இரண்டு கம்பெனி இருந்தால், இந்தக் கம்பெனி வாடிக்கையாளர் அந்தக் கம்பெனி வாடிக்கையாளரைக் கூப்பிட முடியாது. நெட்வொர்க்குகள் இணைக்கப்படவே இல்லை. அதனால் கடைக்காரர்கள் சுவரில் இரண்டு போன் மாட்டி, இரண்டு பில் கட்டினார்கள்.

பெல் கம்பெனியின் வாரிசான ஏடி அண்ட் டி, தன் நீண்டதூரக் கம்பிகளில் மற்றவர்களைச் சேர்க்க மறுத்தே போட்டியாளர்களை நெருக்கியது. அரசு வழக்குப் போட்டது. 1913 டிசம்பரில் மற்ற நிறுவனங்களுக்கும் தன் நீண்டதூர இணைப்பைத் தருவதாக அது ஒப்புக்கொண்டது. நெட்வொர்க்குகளைச் சேர்ப்பது இன்ஜினீயர்களின் வேலை மட்டும் இல்லை. யாரைச் சேர்ப்பது, எந்தக் கட்டணத்தில், யார் அனுமதியோடு என்பதெல்லாம் அரசியல். அது அன்றே ஆரம்பித்துவிட்டது.

இதில் பெல்லுக்குப் பங்கு இல்லை. அவர் அதற்கு வெகுகாலம் முன்பே தொழிலிலிருந்து ஒதுங்கிவிட்டார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பென் வ்ரேயா என்று பெயர் வைத்த மலை வீட்டில் பட்டம் விட்டார், விமானம் கட்டினார். 1909-ல் அவர் குழுவின் சில்வர் டார்ட் விமானம் உறைந்த ஏரியிலிருந்து பறந்தது. தன் படிப்பறையில் போன் வைக்க மட்டும் அவர் விடவில்லை.

கம்பியும் காற்றும் கைகோத்த 1915

1915 ஜனவரி 25-ல் நியூயார்க்கிலிருந்து பெல் பேச, அமெரிக்காவின் மறுகரையில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வாட்சன் கேட்டார். அடுத்த அறையில் ஆரம்பித்த அதே ஜோடி, இப்போது ஒரு கண்டத்தின் இரண்டு முனைகளில். அவ்வளவு தூரத்தில் தேய்ந்துபோகும் குரலை வழியில் தூக்கி நிறுத்தியது வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபயர்.

அதே வெற்றிடக் குழாய் ரேடியோவையும் பேச வைத்தது. அந்த வருடம் செப்டம்பர் 29-ல் ஒரு சோதனை. ஏடி அண்ட் டி தலைவர் தியோடர் வெய்ல் நியூயார்க்கில் பேசினார். குரல் கம்பி வழியாக வாஷிங்டன் பக்கத்தில் ஆர்லிங்டன் ரேடியோ நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து காற்றில் ஏறி கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தது. பாதி கம்பி, பாதி காற்று, ஒரே கால். இன்று வைஃபையிலிருந்து டவருக்கு மாறும் நம்ம கால், அன்றைய அந்தக் காலின் கொள்ளுப்பேரன். பெல் உயிரோடு இருக்கும்போதே இது நடந்துவிட்டது.

1922 ஆகஸ்ட் 2-ம் தேதி 75 வயதில் பெல் இறந்தார். இரண்டு நாள் கழித்து அந்த மலை உச்சியில் அடக்கம் நடந்தபோது, வட அமெரிக்காவின் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாக்கப்பட்டன. ஒரே நெட்வொர்க் என்பதால்தான் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்த முடிந்தது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, இன்னைக்கு என்ன நடக்குது?

மொபைல் என்றால் முழுக்க வயர்லெஸ் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மையில் உங்கள் போனிலிருந்து பக்கத்து டவர் வரைதான் அது காற்றில் போகிறது. சில நூறு மீட்டரோ, சில கிலோமீட்டரோ, அவ்வளவுதான். டவரிலிருந்து சில இடங்களில் மைக்ரோவேவ் வழியாகப் போகும். ஆனால் எப்படிப் போனாலும் சீக்கிரம் அது பூமிக்கடியில் ஓடும் ஃபைபருக்கு வந்துவிடும். மீதிப் பயணமெல்லாம் கண்ணாடிக்குள் வெளிச்சமாகத்தான். வீட்டு பிராட்பேண்டும் அதே மாதிரி ஃபைபரில்தான் ஓடுகிறது.

பாதை ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பல காலம் மூளை இரண்டாக இருந்தது. மொபைலுக்கு ஒரு கட்டுப்பாட்டு மையம், அதாவது கோர். லேண்ட்லைனுக்கும் பிராட்பேண்டுக்கும் வேறு கோர். வாடிக்கையாளர் பட்டியல் வேறு, பில் வேறு, பழுது பார்க்கும் ஆட்கள் வேறு. இரண்டையும் சேர்க்கும் முயற்சிகள் படிப்படியாக வந்தன. 2005-லேயே பிரிட்டனின் பிடி நிறுவனம், வீட்டில் பிராட்பேண்ட் வழியாகவும் வெளியே மொபைல் வழியாகவும் பேசும் ஃபியூஷன் என்ற போனை விற்றது. பெரிதாக எடுபடவில்லை. 2019 டிசம்பரில் ஏர்டெலும் அடுத்த மாதமே ஜியோவும் இந்தியாவில் வைஃபை காலிங் கொண்டுவந்தன. அப்போது மாறியது என்னவென்றால், போனே அந்த வேலையைத் தனக்குள் செய்யப் பழகிவிட்டிருந்தது. வைஃபை வழியாக இன்டர்நெட்டில் ஒரு பாதுகாப்பான சுரங்கம் அமைத்து, மொபைல் நிறுவனத்தின் கோருக்கே நேராகப் போய்விடுகிறது.

இப்போதைய கட்டம் இன்னும் ஆழமானது. 5ஜிக்கான சர்வதேசத் தரத்தின் 2020 பதிப்பு, ஒரே 5ஜி கோர் மொபைலையும் வீட்டு ஃபைபரையும் சேர்த்தே கையாளலாம் என்று வழி வகுத்தது. நீங்கள் எந்தப் பாதையில் வருகிறீர்கள் என்பது முக்கியமில்லை, நீங்கள் யார் என்பதுதான் கோருக்கு முக்கியம். ஃபைபர் போட முடியாத தெருவுக்கு 5ஜி அலையிலேயே வீட்டு பிராட்பேண்ட் கொடுக்கலாம். 2023 செப்டம்பரில் வந்த ஜியோ ஏர்ஃபைபர் அப்படிப்பட்டதுதான்.

நமக்கு என்ன லாபம்? வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காத பிரச்சினை குறையும். டவரின் நெரிசல் வைஃபைக்கு இறங்கும். ஃபைபர் அறுந்தால் மோடம் தானாக 5ஜிக்கு மாறும் வசதியும் சாத்தியம். நிறுவனத்துக்கோ ஒரே உபகரணம், ஒரே ஆட்கள், செலவு மிச்சம்.

எல்லாம் ஒன்றானால் என்ன ஆகும்?

இங்கேதான் அந்த ஒரு நிமிட மௌனம் ஞாபகத்துக்கு வர வேண்டும். 2022 ஜூலை 8-ம் தேதி கனடாவில் அது வேறு மாதிரி திரும்ப நடந்தது. நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸ், தன் கோரில் ஒரு மேம்பாட்டு வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு ரூட்டரில் இருந்த வடிகட்டி அமைப்பு நீக்கப்பட்டது. வெள்ளம் மாதிரி வந்த தகவலில் கோர் திணறி விழுந்தது. ரோஜர்ஸில் மொபைலுக்கும் வீட்டு இன்டர்நெட்டுக்கும் அந்த ஒரே கோர்தான். அதனால் இரண்டும் சேர்ந்து போயின.

1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவசர எண்ணான 911-ஐ பலரால் அழைக்க முடியவில்லை. கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. பழுது பார்க்க வேண்டிய ஊழியர்களே தங்களுக்குள் பேசிக்கொள்ளத் திண்டாடினார்கள், காரணம் அவர்களிடம் இருந்ததும் அதே நெட்வொர்க். பெல் குடும்பம் உயிர் பிழைக்க வந்து இறங்கிய அதே ஒன்டாரியோவும் அன்று தவித்தது. அதன் பிறகு ரோஜர்ஸ் எடுத்த முடிவு என்ன தெரியுமா? சேர்த்து வைத்த மொபைலையும் இன்டர்நெட்டையும் தனித்தனி கோராகப் பிரிப்பது.

பழைய செம்பு லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபர் மோடத்துக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். புயல் நாளில் இந்த வித்தியாசம் உயிர் பிரச்சினை. ஒன்றாக்கும்போது எதை இழக்கிறோம் என்று பட்டியல் போடுவதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான்.

பெல் மறந்த பாடம்

கடைசியாக, முதலில் தள்ளிவைத்த விஷயத்துக்கு வருவோம். அம்மாவிடம் விரலால் பேசியவர் பெல். சைகை மொழியும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஹெலன் கெல்லரின் தந்தை 1886-ல் குழந்தைக்கு வழி கேட்டு வந்தது அவரிடம்தான். ஹெலன் தன் சுயசரிதையைப் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

ஆனால் காது கேளாதவர்கள் உதடு பார்த்துப் புரிந்துகொண்டு வாயால்தான் பேசப் பழக வேண்டும், பள்ளிகளில் சைகை மொழி கூடாது என்று பெல் தன் புகழ் அத்தனையையும் வைத்து வாதாடினார். 1883-ல் அவர் வாசித்த ஒரு ஆய்வுரையில், காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொண்டால் காது கேளாத ஒரு மனித வகையே உருவாகிவிடும் என்று அச்சப்பட்டார். அவர்கள் சேர்ந்து வாழ்வதையும் ஒரே மொழியில் பேசுவதையும் குறைக்க யோசனை சொன்னார். அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறைக் குழந்தைகள் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்ததற்கு அந்த வாதமும் ஒரு காரணம். காது கேளாதோர் சமூகத்தில் இன்றும் பெல் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு.

குரல் கம்பியில் போனாலும் சரி, வெளிச்சத்தில் போனாலும் சரி, சேர்ந்தால் போதும் என்று நினைத்த மனிதர், மனிதர்களுக்கு மட்டும் ஒரே பாதைதான் என்று பிடிவாதம் பிடித்தார். நல்ல நோக்கத்தோடுதான் செய்தார். ஆனால் இருந்த ஒரு வழியை அடைத்துவிட்டுத்தான் இன்னொன்றைத் திறந்தார்.

நெட்வொர்க்குகளை இணைப்பதற்கும் இதே அளவுகோலை வைக்கலாம். ஒருவரைப் போய்ச் சேர இருக்கும் வழிகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? வைஃபையும் டவரும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் வழி கூடுகிறது. எல்லாம் ஒரே கோரில், ஒரே நிறுவனத்தில், ஒரே கேபிளில் போய் முட்டினால் வழி குறைகிறது. உங்கள் வீட்டுக்கு பிராட்பேண்டும் மொபைலும் ஒரே நிறுவனத்திடம் வாங்கும் சலுகை வந்தால், விலையோடு சேர்த்து இதையும் யோசியுங்கள். வீட்டில் ஒரு சிம்மாவது வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும்.

தொலைபேசி வந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல், காது கேளாதவர்களுக்கு அது பெரும்பாலும் பயன்படாத கருவியாகவே இருந்தது. அதை மாற்றியது வேகமான பிராட்பேண்டும் 4ஜியும். இன்று ரயில்வே பிளாட்பாரத்தில் போனைத் தூக்கிப் பிடித்து, வீடியோ காலில் இரண்டு கையாலும் சைகையில் பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீங்க. அந்தக் கால் பாதி தூரம் காற்றில் போகிறது, பாதி தூரம் ஃபைபருக்குள் வெளிச்சமாகப் போகிறது. பெல் ஆசைப்பட்ட நெட்வொர்க்கில், பெல் வேண்டாம் என்ற மொழி ஓடிக்கொண்டிருக்கிறது.